நாலு மணிக்கு மேல் இருப்பார்

பாலத்துக்கு அந்தப் பக்கமே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னவள் ஜெகதீஸ்வரிதான்.

அவள் கணவன் சிவநேசன் பெருநிலத்தில், பிறையில் ஒரு சரக்குக் கிடங்கில் சரக்கு தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். குடியிருந்தது தீவில், ஜெலுத்தோங்கில், ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில். பத்தொன்பது வருடமாகக் காலை ஆறரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்து போய், மாலையில் அதே பாலத்தில் திரும்பி வந்தான். கடல் காற்று சில நாள் மோட்டாரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் என்று ஒரு தடவை விளையாட்டாகச் சொல்லிவிட்டான். அதிலிருந்து மழை பெய்யும் மாலைகளில் அவன் வந்து சேரும்வரை ஜெகதீஸ்வரிக்கு ஒரு வேலையும் ஓடாது.

சிம்பாங் அம்பாட்டில் பார்த்த வீடு பெரிய வீடு ஒன்றும் இல்லை. தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி ஒன்றின் கடைசி வரிசையில், ஒற்றை மாடித் தரைவீடு. ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருக்கும் மகளிடம் போவதற்காக விற்றுக்கொண்டிருந்தார். அங்கிருந்து பிறைக்கு இருபது நிமிடம். பாலம் வேண்டாம். ஜெகதீஸ்வரிதான் தினமும் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் தான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு வர வேண்டியிருக்கும். பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி ஏறிக்கொள்வேன் என்றாள். அதற்கு அவளுக்குப் பயமில்லை.

பீச் ஸ்ட்ரீட்டிலிருந்த பேங்க்கில் கடன் பிரிவில் ரூபினி என்ற பெண் இருந்தாள். இருவருடைய சம்பளச் சீட்டுகளையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு பேரு சம்பளத்தயும் சேத்தாலும் கொஞ்சம் பத்தாது அண்ணே. உங்களுக்கு நாப்பத்தாறு வயசு. எழுபது வயசுக்குள்ள கடன முடிக்கணும். அதான் மாசத் தவணை கூட வருது. ஓவர்டைம், ஓ.டி. செய்வீங்களா?"

"எப்பயாச்சும்."

"எப்பயாச்சும் செஞ்சா பேங்க் கணக்குல எடுக்காது. ஆறு மாசம் பே ஸ்லிப்புல வரிசையா இருந்தா எடுக்கும்."

சிவநேசன் சிரித்தான். "ஆறு மாசந்தானே. செஞ்சிடலாம்லா."

ஜெகதீஸ்வரி, அந்த ஆறு மாதம் எந்த மாதத்தில் முடியும் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆறு மாதமும் அவன் காலையில் போய் இரவு ஒன்பதுக்கு மேல் வந்தான். ஞாயிற்றுக்கிழமையும் போனான். சாப்பிடும்போதே தலை தொங்கிவிடும். நாலாவது மாதத்திலிருந்து இடது தோள் வலிக்கிறது என்றான். போர்க்லிஃப்ட் ஸ்டியரிங்கை நாள் முழுக்க இடது கையால் சுற்றினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று அவனே சொன்னான். அவளும் அதைத்தான் நினைத்தாள். தைலம் தேய்த்துவிட்டாள்.

கடன் கிடைத்தது. அந்த நாள்களிலேயே அவர்களுடைய அடுக்குமாடி வீட்டையும் விலை பேசினார்கள். அது ஜெகதீஸ்வரி பெயரிலிருந்த வீடு. வாங்க வந்தவன் அக்மல் என்ற மலாய்க்காரப் பையன், சுகாதார அலுவலகத்தில் வேலை. கல்யாணமாகி ஒரு வருடம், அவன் அப்பா அம்மா வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவன் கொடுத்த முன்பணத்தோடு தன் சேமநிதியில் எடுத்த பணத்தையும் சேர்த்துத்தான் ஜெகதீஸ்வரி சிம்பாங் அம்பாட் வீட்டுக்கு முன்பணம் கட்டினாள்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் ஆனது. விற்பனை ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், வீட்டுக் கடனுக்கான காப்புறுதி, எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம்.

"ஒன்னக் கல்யாணம் பண்ணிக்கிறதுக்குக்கூட ஒரே கையெழுத்துதான் கேட்டாங்க ஜெகா," என்றான் சிவநேசன். அலுவலகப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பேங்க் பணத்தை விடுவிக்க ஆறேழு வாரம் ஆகும், அதன் பிறகு சாவி என்றார்கள். சிவநேசன் அந்த மாதமே ஓ.டி.யை விட்டுவிட்டான். முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஷர்மினியையும் கூட்டிக்கொண்டு போய் வீட்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள், ஒரு வெள்ளிக்கிழமை, அவன் இறந்துபோனான்.

கிளினிக்கில் மத்தியான வேளை. நோயாளி ஒருவருக்கு அடுத்த தேதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. கிடங்கின் மேற்பார்வையாளர் ஹக்கீம். சிவநேசன் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறப் போகும்போது விழுந்துவிட்டதாகவும், ஆம்புலன்ஸில் செபராங் ஜெயா மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பதாகவும் மலாயில் சொன்னார். "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள். "நீங்கள் வாருங்கள் அக்கா," என்றார். மறுபடியும் கேட்டாள். "வாருங்கள் அக்கா," என்றே மறுபடியும் சொன்னார்.

வாடகைக் காரில் பாலத்தைக் கடந்தாள். வெயில் அடித்தது. கடல் அசைவில்லாமல் கிடந்தது. எத்தனையோ மாலைகள் அவள் பயந்து நின்ற அந்தப் பாலத்தில் அன்றைக்குக் காற்றே இல்லை.

போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஷர்மினியைச் சித்தப்பா யுகேந்திரன் கூட்டிவந்தான். மறுநாள் பத்து லஞ்சாங் சுடுகாட்டில் எரித்தார்கள். ஹக்கீமும் கிடங்கு ஆள்கள் முப்பது பேரும் வேலைச் சீருடையிலேயே வந்து வெயிலில் நின்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டில் தொலைபேசி அடித்தது. கோலாலம்பூர் எண். பேங்க்கின் தலைமை அலுவலகம் என்று சொல்லி ஓர் இளம்பெண் மலாயில் பேசினாள். குரலில் நல்ல உற்சாகம் இருந்தது; ஜெகதீஸ்வரியைப் புவான் என்றும் கணவனை என்சிக் என்றும் மரியாதையாகச் சொன்னாள்.

"வீட்டுக் கடன் விஷயம் புவான். இந்த வெள்ளிக்கிழமை பணத்தை விடுவிக்கப் போகிறோம். அதற்கு முன்னால் கடன் வாங்குபவர்களிடம் சில விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். என்சிக் சிவநேசன் இருக்கிறாரா?"

"வேலைக்குப் போயிருக்கிறார்," என்றாள் ஜெகதீஸ்வரி.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த நேரத்தில் யார் கேட்டாலும் சொல்லிவந்த பதில், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"எப்போது கூப்பிட்டால் இருப்பார்?"

"நாலு மணிக்கு மேல் இருப்பார்."

"சரி புவான். நாலு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்."

பேசி வைத்த பிறகும் ஜெகதீஸ்வரி அங்கேயே நின்றாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சரியாக வந்தது. அவன் வேலைக்குத்தான் போயிருக்கிறான். வந்ததும் குளிப்பான். கோப்பியைச் சீனி குறைத்துப் போடு என்று சொல்லிவிட்டு, குடிக்கும்போது அவனே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வான். இவ்வளவும் ஒரு நிமிடம்தான். அறை வாசலில் ஷர்மினி நின்றிருந்தாள்.

"யாரும்மா?"

"பேங்க்."

"அப்பாவையா கேட்டாங்க?"

ஜெகதீஸ்வரி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷர்மினி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை எழுத வேண்டியவள்.

மத்தியானம் யுகேந்திரன் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தான். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அண்ணன் செத்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தான். ஜெகதீஸ்வரி நடந்ததைச் சொன்னாள். அவன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான்.

"அண்ணி, சொல்லாதீங்க."

"என்ன யுகேன்?"

"காப்புறுதி பேப்பர்ல அண்ணன் கையெழுத்துப் போட்டாச்சு. வெள்ளிக்கெழம பணம் போயிட்டா வீடு உங்களுது. பொறவு சொல்லிக்கலாம். அண்ணன் பேருல உள்ள கடன இன்சூரன்ஸ்காரன் கட்டிருவான்."

"செத்த தேதி இருக்கேப்பா."

"தேதிய யாரு அண்ணி உக்காந்து பாக்கப் போறா?"

"பாப்பாங்க."

"ஆறு மாசம் அண்ணி." அவன் குரல் உடைந்தது. "ஒரு ஞாயித்துக்கெழம இல்லாம போனாரு. அந்த வீடும் இல்லன்னா அந்த ஆறு மாசம் எதுக்கு?"

அதே கேள்வியைத்தான் பன்னிரண்டு நாளாக அவளும் தனக்குள் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வீடாகப் பார்க்கலாம் என்று அன்றைக்கு பேங்க்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரூபினியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மாதங்களை எண்ணிய அந்த நேரம் திரும்பத் திரும்ப வந்தது. இப்போது அந்த வீடும் கைவிட்டுப் போனால், அவன் எதற்காகச் செத்தான் என்று தன்னால் யாரிடமும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"நாலு மணிக்கு நான் பேசறேன்," என்றான் யுகேந்திரன். "என் கொரலும் அண்ணன் கொரலும் ஒன்னுதான். போன்ல எத்தன பேரு ஏமாந்திருக்காங்க."

அவள் எழுந்து போய்ச் சிவநேசனின் அடையாள அட்டை நகலை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. யுகேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தான்.

"யா. சாயா சிவநேசன்." நான்தான் சிவநேசன் என்று மலாயில் சொன்னான்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்டாள் போலிருக்கிறது. நகலைப் பார்த்து நிதானமாகப் படித்தான். பிறந்த தேதி சொன்னான். வேலை செய்யும் இடத்தைச் சொன்னான். வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்கும் விதம், நடுவில் வரும் சின்னச் சிரிப்பு, எல்லாம் சிவநேசனேதான். ஜெகதீஸ்வரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அறைக் கதவு படாரென்று திறந்தது. ஷர்மினி ஓடிவந்தாள். தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், கண் சரியாகத் திறக்கவில்லை. கூடத்தில் பேசுகிற குரலைத் தேடி வந்த அந்த முகத்தில் ஒரு கணம் என்ன இருந்தது என்பதை ஜெகதீஸ்வரி பார்த்துவிட்டாள். அடுத்த கணம் சித்தப்பாவைக் கண்டதும் அது அணைந்தது. ஷர்மினி சுவரோடு சுவராகச் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

ஜெகதீஸ்வரி எழுந்து போய் யுகேந்திரன் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"நான் அவர் மனைவி பேசுகிறேன். என் கணவர் இறந்துவிட்டார். இன்றோடு பன்னிரண்டு நாள். இப்போது உங்களிடம் பேசியது அவருடைய தம்பி. காலையில் நான் சொன்னதும் உண்மையில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அந்தப் பெண் மெதுவாக அனுதாபம் சொன்னாள். காலையிலிருந்த குரல் போய்விட்டிருந்தது.

"இதை நான் மேலே தெரிவிக்க வேண்டும் புவான்," என்றாள். "கிளையிலிருந்து கூப்பிடுவார்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா?"

கடைசியில் அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. "சாப்பிட்டேன்," என்று சொல்லி ஜெகதீஸ்வரி வைத்தாள்.

யுகேந்திரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "கெட்ட எண்ணத்துல செய்யல அண்ணி..."

"எனக்குத் தெரியாதாப்பா."

ஷர்மினி பக்கத்தில் போய் அவளும் தரையில் உட்கார்ந்தாள். மகள் தோள்மேல் கை வைத்தாள். ஷர்மினி கையைத் தள்ளவும் இல்லை, சாயவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாளில் ரூபினி கூப்பிட்டனுப்பினாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, பேச்சைத் தொடங்க முடியாமல் தண்ணீர்ப் போத்தலை இரண்டு தடவை நகர்த்தி வைத்தாள். கோப்பு திறந்திருந்தது. மேலேயே அந்த ஆறு சம்பளச் சீட்டுகள். ரூபினி அவற்றைத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காப்புறுதி, பணம் ரிலீஸ் ஆகுற நாள்லருந்துதான் தொடங்கும் அக்கா. அண்ணனுக்கு அது ஆரம்பிக்கவே இல்ல."

"அன்னிக்கு நான் போன்ல சொல்லாம இருந்திருந்தா?"

"அப்பயும் கெடச்சிருக்காது. தேதியப் பாத்ததும் தள்ளியிருப்பாங்க. கடன் மட்டும் உங்க தலையில வந்து நின்னிருக்கும். பொய் சொன்னதுக்குக் கேசும் ஆயிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "சொன்னது நல்லதுக்கா," என்றாள்.

கடன் இரண்டு பேர் சம்பளத்தின்மேல் கிடைத்தது. ஒருவர் சம்பளத்துக்கு அந்த வீடு வராது. உங்கள் சம்பளத்துக்குச் சின்ன வீடாகப் பார்த்தால் நானே விண்ணப்பத்தைத் தயார் செய்கிறேன் என்றாள் ரூபினி. ஜெகதீஸ்வரி இப்போது வேண்டாம் என்றாள். எழுந்தபோது ரூபினியும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஓ.டி. என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

வழக்கறிஞர் சிம்பாங் அம்பாட் வீட்டுக்காரருக்கு எழுதினார். ஒப்பந்தப்படி முன்பணம் முழுவதையும் அவர் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சீன ஆசிரியர் பாதியைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு வெள்ளை உறையில், துக்க வீட்டுக்குக் கொடுக்கிற முறைப்படி நூற்றியொரு ரிங்கிட்டும் வைத்திருந்தார்.

அடுத்தது குடியிருக்கிற வீடு. அதை அக்மலுக்கு விற்றாகிவிட்டது. விற்பனையை ரத்து செய்தால் அவன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதே அளவு நட்டஈடும் கொடுக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர். அவனாக விட்டுக்கொடுத்தால் வேறு விஷயம். கேட்டுப் பாருங்கள் என்றார்.

அக்மல் ஒரு சனிக்கிழமை மனைவியோடு வந்தான். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தான். அவன் மனைவிக்கு ஏழு மாதம். பதினோராவது மாடிக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை, எட்டாவது மாடிவரை வந்த இன்னொரு லிஃப்டில் ஏறி மிச்சத்தைப் படியில் ஏறி வந்திருந்தாள். ஜெகதீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அந்தப் பெண் அனுமதி கேட்டு மெதுவாக வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சின்ன அறைக்குள் நின்று, "இங்கே மத்தியானம் வெயில் வருமா கக்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள். குழந்தையை எங்கே போடுவது என்று பார்க்கிறாள் என்பது புரிந்தது.

"வராது. காற்று நன்றாக வரும்," என்று ஜெகதீஸ்வரி மலாயில் சொன்னாள்.

அதற்குப் பிறகு கேட்க நினைத்ததைக் கேட்க வாய் வரவில்லை. "வேறு வீடு பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்," என்று மட்டும் சொன்னாள்.

அக்மலும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிள்ளை பிறந்ததும் இவள் கெப்பாலா பத்தாசில் அவள் அம்மா வீட்டில்தான் இருப்பாள் கக். நாற்பத்துநாலு நாள் அங்கிருந்து நகரவிடமாட்டார்கள்," என்றான். "அதுவரைக்கும் இருங்கள். சாவியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன். வாடகை எதுவும் வேண்டாம்."

நாலு மாதம் கிடைத்தது. அந்த நாலு மாதத்தில் சாயங்காலம் சாயங்காலம் வாடகை வீடு தேடினாள். தொலைபேசியில் நன்றாகப் பேசுவார்கள். பெயரைச் சொன்னதும், "இந்தியனா? வீட்டுக்கு ஆள் வந்தாச்சு," என்பார்கள். ஒரு வீட்டுக்காரி மட்டும் ஒளிக்காமல், சாம்பிராணிப் புகை சுவரில் பிடிக்கும் என்றாள். கடைசியில் கிளினிக்குக்கு வரும் ஒரு வயதான நோயாளியின் மூலமாக ரைஃபல் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஓர் அறை வீடு கிடைத்தது. ஒன்பதாவது மாடி. கூடத்தில் ஜெகதீஸ்வரி படுத்துக்கொள்ளலாம், அறை ஷர்மினிக்கு.

பெரிய சாமான்கள் உள்ளே போகவில்லை. சாப்பாட்டு மேசையை யுகேந்திரன் எடுத்துக்கொண்டான். சிவநேசன் மோட்டாரை ஹக்கீம் விலைக்கு வாங்கிக்கொண்டார், கிடங்கில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவிலிருந்து மாதம் ஒரு தொகை வரத் தொடங்கியது. அக்மலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சாவியை வாங்க அவன் தனியாக வந்தான். வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஜெகதீஸ்வரி திரும்பிப் பார்க்காமல் படியில் இறங்கினாள். மூன்று மாடி இறங்கியதும் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்து போனாள்.

ரைஃபல் ரேஞ்ச் வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜெகதீஸ்வரி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஷர்மினி வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்பா செத்ததிலிருந்து அவள் தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஒரு துண்டை எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"ம்மா. ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"அப்பா என்கிட்ட கேட்டாரும்மா. நாலாவது மாசம். டியூஷன்லருந்து மோட்டர்ல ஏத்திட்டு வரும்போது. 'ஷர்மி, அப்பாவுக்கு ஒடம்பு முடியல, ஓ.டி.ய விட்டுறவா'ன்னு கேட்டாரு."

ஜெகதீஸ்வரியின் கை நின்றது.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இன்னும் ரெண்டு மாசந்தானே ப்பா'ன்னேன். எனக்கு அந்த வீட்டுல தனி ரூம் கெடைக்கும்னு... அவரு சிரிச்சாரு. 'சரிதான், ரெண்டு மாசந்தானே'ன்னாரு. அம்மாகிட்ட சொல்லாத, பயப்படுவான்னு சொன்னாரு." துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். "விட்டுருங்கன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாரும்மா."

தன்னிடம் கேட்காமல் மகளிடம் கேட்டிருக்கிறான். இந்த வீட்டை யார் ஆசைப்பட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் தன்னிடம் கேட்கவில்லை. ஜெகதீஸ்வரி எழுந்து போய்விடப் பார்த்தாள். ஆனால் எதிரில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஐந்து மாதமாக இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.

மகளைத் தன் பக்கம் இழுத்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் என்கிட்ட சொன்னாரு. ரத்தக்குழாய் பல வருஷமா அடச்சிருந்திச்சாம். ஓ.டி. செஞ்சாலும் செய்யாட்டியும் வந்திருக்கும்னாரு."

டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். அன்றைக்கு அவள் அதை நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து மறந்துவிட்டிருந்தாள்.

"நெஜமாவா?"

"நெஜந்தான்."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"டாக்டர் சொன்னதச் சொல்றேன். நீ ஒன்னும் செய்யல ஷர்மி. அப்பா கேட்டாரு, பிள்ள வாயில வந்ததச் சொன்ன. அவ்ளோதான்."

ஷர்மினி உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. ஜெகதீஸ்வரி அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். பேங்க்கில் தான் மாதங்களை எண்ணியதையும், தோள் வலிக்கு வெறும் தைலம் தேய்த்து அனுப்பியதையும் மகளிடம் சொல்ல ஒரு தடவை வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. அதைப் பிள்ளையிடம் கொடுத்து என்ன ஆகப்போகிறது.

அழுது ஓய்ந்து ஷர்மினி மடியிலேயே தூங்கிவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ சீன நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் சுவர் வழியாக வந்தது. ஜெகதீஸ்வரிக்குக் கால் மரத்துப்போனது. எட்டிய வரை கையை நீட்டி, மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள்.